எந்தப் போத்தல்? வார்டிலிருந்து தாதியர் கல்லூரித் தலைமை வரை

வயிற்றோட்டம் நின்று பிள்ளை வீட்டுக்குப் போகிற நாள். தாயின் கையில் இரண்டு ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற். பயிற்சியில் இருக்கும் மாணவத் தாதி சொல்கிறார்: "ஒரு பைக்கற்ற, கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லீற்றர்ல கலக்குங்க. ஒரு நாளைக்கு மேல வைக்காதீங்க." தாய் தலையாட்டுகிறார். மாணவி 'சுகாதார அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்.

பக்கத்தில் நின்ற மூத்த தாதி தாயிடம் கேட்கிறார்: "வீட்ல எதுல அளந்து ஊத்துவீங்க?"

"போத்தல்லதாங்க மிஸ்ஸி."

"எந்தப் போத்தல்?"

"தேங்காண்ண போத்தலு. நல்லா கழுவித்தான் வச்சிருக்கேன்."

நம் கடைகளில் 'ஒரு போத்தல்' என்றால் 750 மில்லிலீற்றர். ஒரு லீற்றருக்கான பைக்கற்றை அதில் கலந்தால் உப்பும் சீனியும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உடம்பில் நீர் வற்றிய பிள்ளைக்கு அது நல்லதில்லை. மூத்த தாதி வெறும் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துத் தாயின் கையில் கொடுக்கிறார்: "இதுல ரெண்டு தரம். இப்ப எனக்குச் செஞ்சு காட்டுங்க." தாய் செய்து காட்டுகிறார். எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம்.

அந்த நான்கு நிமிடம்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம். தாதியர் கல்விக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் பட்டம், தரம், நேர்முகத் தேர்வு என்றுதான் கேட்கிறார்கள். அவை வேண்டும், எங்கே, எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் 'எந்தப் போத்தல்?' என்று கேட்கத் தெரிந்தவர் பதவிக்கு முன்பே ஆசிரியர் ஆகிவிட்டார். நோயாளிக்குக் கேட்ட அதே கேள்வியைப் புதிய தாதியிடமும், பிறகு வகுப்பிடமும், கடைசியில் ஒரு கல்லூரி முழுவதிடமும் கேட்பதுதான் இந்தப் பாதை. அந்தக் கேள்வியைத் தொலைத்துவிட்டுப் பதவியை மட்டும் எட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நம் மலைக்கு ஏன் ஆசிரியர்கள் வேண்டும்

நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுவோர் பாதிக்கும் மேல். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய அளவில் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32 சதவீதம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக வைத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி, மருந்து கொடுப்பவர், பிள்ளைக் காம்பரா என்று அந்த ஏற்பாடு பல தலைமுறை ஓடியது. பின்னர் அரச சுகாதார சேவை தோட்டங்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியா பொது வைத்தியசாலைக்கும் நெதர்லாந்து உதவியில் புதிய கட்டடம் வந்தது.

கட்டடம் வந்தாயிற்று. அதற்குள் நிற்கும் தாதிக்கு லயத்தின் சமையல் மூலையும், காலையில் பெயர் பதியப் பிரட்டுக்குப் போகும் நேரமும், போத்தலின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைப் பாடப்புத்தகம் சொல்லித் தராது. தெரிந்த ஒருவர்தான் தெரியாதவருக்குச் சொல்லித் தர முடியும். மலையகத்துப் பிள்ளை தாதியாவதோடு நின்றால் ஒரு வார்டுக்கு நன்மை. அவரே பயிற்றுநர் ஆனால், அவரிடம் படித்தவர் மாத்தறையில் வேலை செய்தாலும் மன்னாரில் வேலை செய்தாலும் அந்தக் கேள்வி கூடவே போகும்.

உள்ளே நுழைய இரண்டு வாசல்

முதல் வாசல் அரச தாதியர் கல்லூரி. வர்த்தமானி அறிவித்தல் வரும்; க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றை வைத்துத் தெரிவு நடக்கும்; மூன்று வருடப் பயிற்சி. மலையகத்துக்குக் கிட்டிய கல்லூரிகள் கண்டியும் பதுளையும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியாவிலும் உண்டு. பயிற்சி முடிந்ததும் தாதிய உத்தியோகத்தராக நியமனம். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டத்தின்கீழ் பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வாசல் பல்கலைக்கழகம். உயிரியல் பிரிவில் எடுத்த இசட் புள்ளியோடு பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு, யாழ்ப்பாணம், கிழக்கு, கொழும்பு ஆகிய பல்கலைக்கழகங்களில் நான்கு வருடத் தாதியியல் பட்டம். கொழும்பில் தாதியியலுக்கென்றே தனிப் பீடம் இருக்கிறது.

எது மேல்? பட்டதாரிக்கு விரிவுரையாளர் பாதை சீக்கிரம் திறக்கும். நல்ல வகுப்பில் சித்தியடைந்தால் தகுதிகாண் விரிவுரையாளராக விண்ணப்பிக்கலாம். கல்லூரி வழியாக வந்தவருக்கு வார்டு சீக்கிரம் கைவசமாகும். பட்டம் பின்னால் வரும். ஒருவருக்கு முதலில் கிடைப்பதை மற்றவர் பிறகு தேடிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லாமல் தினமும் பஸ்ஸில் போய் உயர்தரம் படித்தவர், இசட் புள்ளி குறைந்துவிட்டதே என்று கல்வித்துறைக் கனவை அங்கேயே முடித்துவிட வேண்டியதில்லை.

முதல் ஐந்து வருடம்: கையைப் பழக்குங்கள், வாயையும் பழக்குங்கள்

அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பட்ரீசியா பென்னர் 1984இல் எழுதிய நூலில், ஒரு தாதி புதியவர் நிலையிலிருந்து நிபுணர் நிலைக்கு ஐந்து படிகளில் வளர்வதைக் காட்டினார். புதியவர் விதியைப் பார்த்து நடப்பார். நிபுணர் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் 'இவருக்கு என்னவோ சரியில்லை' என்று சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால் சட்டென்று விளக்க வராது. நல்ல தாதி எல்லாரும் நல்ல ஆசிரியர் ஆகிவிடாததற்கு இதுதான் காரணம். கைக்குப் பழகியது வாய்க்கு வருவதில்லை.

ஆகவே முதல் வருடத்திலிருந்தே ஒரு கொப்பி வையுங்கள். நோயாளியின் பெயரோ கட்டில் இலக்கமோ எதுவும் அதில் வேண்டாம். நாளொன்றுக்கு மூன்று வரி போதும்: என்ன கண்டேன், ஏன் அப்படிச் செய்தேன், புதியவருக்கு இதை எப்படிச் சொல்வேன். இரண்டு வருடத்தில் அது உங்கள் சொந்தப் பாடநூலாகிவிடும். பிற்பாடு பயிற்றுநராகப் பரீட்சை வினா எழுத உட்காரும்போது அதன் பெறுமதி தெரியும்.

புதிய தாதியோ மாணவியோ வார்டுக்கு வந்தால் சிஸ்டரிடம் நீங்களே கேளுங்கள்: "இந்தப் பிள்ளைய நான் பாத்துக்கிறேன்." ஒரு செயல்முறையைச் சொல்லிக்கொடுக்க, பேற்றன் என்பவர் வகுத்த நான்கு படி நம் வார்டுகளுக்கு நன்றாகப் பொருந்தும். இன்சுலின் ஊசி போடுவதை எடுத்துக்கொள்வோம். முதலில் வழக்கமான வேகத்தில் பேசாமல் செய்து காட்டுங்கள். அடுத்து ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லி மெதுவாகச் செய்யுங்கள். மூன்றாவது தடவை மாணவி வாயால் சொல்லச் சொல்ல, நீங்கள் செய்யுங்கள். நான்காவது தடவை அவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும். மூன்றாவது படியைப் பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது வழக்கம். மாணவி எதை விளங்கிக்கொள்ளவில்லை என்பது அந்தப் படியில்தான் வெளிப்படும். "இப்ப என்ன?" என்று கேட்டால் அவர் நிற்கும் இடம்தான் நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டிய இடம்.

ஒரே வகை வார்டிலேயே ஐந்து வருடமும் இருந்துவிடாதீர்கள். மகப்பேறு, சிறுவர், மருத்துவம், சத்திரசிகிச்சை என்று நான்கையும் தொட்டிருப்பது நல்லது. அவசர சிகிச்சைப் பிரிவில் சில மாதம் கட்டாயம். தோட்டப் பகுதியில் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகக் கிளினிக்குகளுக்குப் போகும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். வார்டில் ஏழு நாள் பார்த்த நோயாளியின் மீதி வாழ்க்கை அங்கேதான் தெரியும்.

கடதாசி வேலை: பட்டம், மேற்பயிற்சி, மொழி

வேலை செய்துகொண்டே பட்டம் எடுக்க நம் நாட்டில் வழி திறந்தது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் அங்கே தாதியியல் பட்டப்படிப்பு தொடங்கியது. பதிவு பெற்ற தாதியர் வேலையை விடாமல் படிக்கலாம். கண்டியில் பிராந்திய நிலையமும் ஹட்டனில் கற்கை நிலையமும் உண்டு. ஆனால் எந்தப் பாடத்தின் செயல்முறை வகுப்பு எந்த நிலையத்தில் நடக்கும் என்பதைச் சேர்வதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அதிகாலை ரயிலையோ பஸ்ஸையோ நம்பிப் போக வேண்டிவரும். சனிக்கிழமை இரவுக் கடமையை யாரோடு மாற்றிக்கொள்வது என்பதை வருடத் தொடக்கத்திலேயே பேசி வையுங்கள்.

அரச சேவையில் பயிற்றுநராவதற்கு நெடுநாள் வாசல் கொழும்பில் உள்ள மேற்பயிற்சித் தாதியர் கல்லூரி. நாம் எல்லாரும் 'போஸ்ட் பேசிக்' என்று சொல்வது அதைத்தான். வார்டு முகாமைத்துவம், பொதுச் சுகாதாரம், கற்பித்தலும் மேற்பார்வையும் என்று அங்கே துறைகள் பிரியும். ஒன்றரை வருடப் படிப்பு. முகாமைத்துவத் துறையை எடுத்தால் சிஸ்டர், மேற்றன் என்று பாதை போகும். கற்பித்தலை எடுத்தால் டியூட்டர். பலர் எந்தத் துறையில் இடம் கிடைத்தாலும் சரி என்று விண்ணப்பிக்கிறார்கள். கொழும்பில் ஒன்றரை வருடம் வீட்டை விட்டு இருக்கப் போகிறீர்கள்; எதற்காக என்பதை முதலில் தீர்மானியுங்கள். தகைமை, சேவைக் காலம் பற்றிய விதிகள் அவ்வப்போது மாறும். சுற்றறிக்கையையும் சேவைப் பிரமாணக் குறிப்பையும் நீங்களே வாசியுங்கள். "அக்கா சொன்னாங்க" என்பதை நம்பி ஒரு வருடத்தைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

பல்கலைக்கழகப் பாதையில் இருப்பவருக்கு முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் வேண்டும். அதற்கு ஆய்வுக் கேள்வியை அந்நிய நாட்டுச் சஞ்சிகையில் தேடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போகும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஏன் இரத்தச்சோகை தீருவதில்லை என்பது போன்ற கேள்வி உங்கள் கொப்பியிலேயே கிடக்கும்.

மொழி பற்றி நேராகப் பேச வேண்டும். புத்தகம் ஆங்கிலம். வார்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களம். நோயாளி தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்பது நமக்குச் சுமை என்றுதான் தொடக்கத்தில் தோன்றும். 2007இல் வந்த அரச நிர்வாகச் சுற்றறிக்கையின்படி புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். அந்தப் பரீட்சையைத் தள்ளிப்போடாமல் எழுதி முடியுங்கள். பிறகு ஒரு வேலையை நீங்களே கையில் எடுங்கள்: வலியையும் நோயையும் நம் சனம் என்ன சொல்லால் சொல்கிறது என்று சிங்களம் பேசும் சக தாதியருக்கு எழுதிக் கொடுங்கள். 'நெஞ்சு கரிக்குது' என்றால் என்ன, 'நெஞ்சு அடைக்குது' என்றால் என்ன என்று தெரியாமல் மாரடைப்பைப் புளிப்பேப்பம் என்று எண்ணிவிடலாம். ஒரு பக்கத் தாள் போதும். நீங்கள் எழுதும் முதல் பாடப்பொருள் அதுவாகவே இருக்கட்டும்.

எல்லாச் சான்றிதழும், நியமனக் கடிதமும், இடமாற்றக் கடிதமும், வார்டில் நடத்திய வகுப்பின் திகதியும் தலைப்பும் ஒரே பைலில். நேர்முகத் தேர்வில் 'கற்பித்தல் அனுபவம் உண்டா' என்று கேட்டால் பைலைத் திறந்து காட்டலாம்.

டியூட்டரின் முதல் வருடம்

நான் டியூட்டராகி எடுத்த முதல் பாடம் திரவச் சமநிலை. மூன்று மணித்தியாலம் பேசினேன். கரும்பலகை நிறைய எழுதினேன். "விளங்கிச்சா?" என்றேன். அத்தனை தலையும் ஆடியது. அடுத்த நாள் வார்டில் ஒரு மாணவி நிரப்பிய உள்ளெடுப்பு அட்டவணையைப் பார்த்தேன்: 'தேத்தண்ணி 1 கப். கஞ்சி 1 கப். தண்ணி கொஞ்சம்.' எந்தக் கப்? ஆஸ்பத்திரிக் கப்பா, வீட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் டம்ளரா? அந்தப் பிள்ளையின் தவறில்லை. வகுப்பில் நான் ஒரு கப்பைக்கூடக் கொண்டுபோய் அளந்து காட்டியிருக்கவில்லை. நோயாளியிடம் கேட்டுப் பழகிய கேள்வியை வகுப்பில் கேட்க மறந்தவள் நான். அன்றிலிருந்து அந்தப் பாடத்துக்கு ஒரு பையில் நாலு விதக் கப்பும் ஒரு அளவுச் சாடியும் கொண்டுபோகிறேன். பேச்சு நாற்பது நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

புதிய டியூட்டருக்கு மூன்று வேலை முக்கியம்.

ஒன்று, நம் மண்ணின் சம்பவத்தைப் பாடமாக்குவது. தேயிலை மலையில் குளவிக் கொட்டு அடிக்கடி நடப்பது. இப்படி ஒரு பயிற்சிக் காட்சி எழுதலாம்: கொழுந்து பறித்துக்கொண்டிருந்த 45 வயதுப் பெண்ணை முச்சக்கர வண்டியில் கொண்டுவருகிறார்கள். முகம் வீங்கியிருக்கிறது, இழுப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, இரத்த அழுத்தம் 80க்கு 50. மாணவி என்ன செய்வார்? வைத்தியரை அழைக்க வேண்டும். படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு இழுத்தால் அவருக்கு இதமான நிலையில் வைக்க வேண்டும். ஒட்சிசன். வைத்தியரின் பணிப்பின்படி அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி. பிரிட்டோன் (Piriton) போடுவதையும் ஹைட்ரோகோட்டிசோன் போடுவதையும் முதலில் தேடி அட்ரினலினைத் தாமதிப்பதுதான் மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை. காட்சி அத்தோடு முடிவதில்லை. நிறையக் கொட்டு வாங்கியவருக்குச் சிறுநீரகம் பாதிக்கலாம்; சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். கறுத்த தேத்தண்ணி நிறம் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு மறக்காது.

இரண்டு, செய்ததை மட்டும் மதிப்பிடுவது. ஜோர்ஜ் மில்லர் 1990இல் வரைந்த கூம்பகம் இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: அடியில் தெரியும், அதற்கு மேல் எப்படி என்று தெரியும், அதற்கும் மேல் செய்து காட்ட முடியும், உச்சியில் வேலையில் உண்மையாகவே செய்கிறார். எழுத்துப் பரீட்சை கீழ் இரண்டோடு நின்றுவிடும். ஸ்கொட்லாந்தின் டண்டியில் ஹார்டன் குழுவினர் 1975இல் அறிமுகப்படுத்திய நிலையங்கள் வழிப் பரீட்சை மூன்றாவது படியைத் தொடும். அதில் ஒரு நிலையத்தை இப்படி வையுங்கள்: மேசையில் ஜீவனி பைக்கற், 750 மில்லிலீற்றர் போத்தல், அரை லீற்றர் போத்தல், தாயாக நடிக்கும் ஒருவர். மாணவி தாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போத்தலைப் பற்றிக் கேட்டாரா, தாயைச் செய்து காட்டச் சொன்னாரா என்பதற்கே அதிகப் புள்ளி.

மூன்று, கேள்வியின் வரிசையைத் திருப்புவது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு எடுக்கக்கூடாது என்பது எல்லாக் கொப்பியிலும் இருக்கிறது. தேயிலையில் உள்ள தனின் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஆனால் தேயிலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் "தேத்தண்ணி குடிக்காதீங்க" என்றால் நடக்குமா? மாணவியைக் கேட்க வையுங்கள்: விடியற்காலை எத்தனை மணிக்குக் குடிப்பீங்க, மலையில எத்தனை மணிக்கு, வேலை விட்டு வந்து எத்தனை மணிக்கு? அந்த நாளை ஒரு தாளில் கோடு போட்டால் எங்கோ இரண்டு மணித்தியால இடைவெளி தெரியும். பெரும்பாலும் படுக்கப் போகும் நேரம். மாத்திரைக்கு அந்த இடத்தைக் கொடுத்தால் போதும். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லும் மாணவி நல்ல தாதியாகிறார். அவர்களில் ஒருவர் ஒருநாள் உங்கள் நாற்காலிக்கு வருவார்.

தலைமைக்கு வந்த பிறகு

அரச கல்லூரியில் டியூட்டர், மூத்த டியூட்டர், அதிபர் என்று போய், அதற்கு மேலே சுகாதார அமைச்சில் தாதியர் கல்விக்குப் பொறுப்பான பணிப்பாளர் பதவி. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், துறைத் தலைவர், பீடாதிபதி. எந்தப் பக்கமும் ஒரே அதிர்ச்சி காத்திருக்கும்: கற்பிப்பது குறையும், கணக்குப் பார்ப்பது கூடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். உங்கள் கல்லூரியில் ஒரு தொகுதியில் 60 மாணவர். ஒவ்வொருவரும் பிரசவ அறையில் பத்து ஷிப்ட் நிற்க வேண்டும். அறையில் ஒரு ஷிப்டுக்கு மூன்று பேருக்கு மேல் நின்றால் தாய்க்கும் இடைஞ்சல், மாணவருக்கும் ஒன்றும் தெரியாது. காலையும் மாலையும் சேர்த்து நாளைக்கு ஆறு பேர். அறுநூறு ஷிப்டுக்கு நூறு நாள் வேண்டும், லீவு நாளைக் கழிக்காமல். இந்தக் கணக்கைப் போடாத அதிபரின் மாணவர் பிரசவ அறைக்கு வெளியே நின்றுவிட்டுப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள். ஆதார வைத்தியசாலைகளையும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளையும் தேடிப்போய் இடம் கேட்பது அதிபரின் வேலைதான்.

கல்லூரி ஒரு பக்கமும் வார்டு ஒரு பக்கமும் பிரிந்துபோவது எந்த நாட்டிலும் தாதியர் கல்வியின் பழைய நோய். இதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒரு நல்ல பாடம். ஐடா ஸ்கடரும் தாதி டெலியா ஹௌட்டனும் 1909இல் அங்கே தாதியர் பயிற்சியைத் தொடங்கினார்கள். 1946இல் அது நான்கு வருடப் பட்டப்படிப்பாக வளர்ந்தது. கற்பிக்கிறவர் வார்டின் பொறுப்பிலும் இருக்கும் இரட்டைப் பணி அங்கே நெடுநாள் வழக்கம். நம் நிர்வாக விதியில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் ஒவ்வொரு டியூட்டரும் வாரத்தில் ஒரு காலை வார்டில் நிற்பதை நேரசூசியில் எழுதுவது அதிபர் கையில் இருக்கிறது. அதிபரும் நிற்க வேண்டும். புதிய ஊசிக்குழாயை எப்படித் திறப்பது என்று தெரியாத அதிபர் சொல்வதை வார்டு கேட்காது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடு போன தாதியர் பலர். வார்டில் மாணவரைப் பார்த்துக்கொள்ள அனுபவம் உள்ளவர் குறைந்திருக்கிறார்கள். இருப்பவரைச் சோர்வடையவிடாமல், மாணவரைப் பொறுப்பெடுத்த வார்டுத் தாதியின் பெயரை எழுத்தில் பதிந்து பாராட்டுக் கடிதம் அனுப்புங்கள். பைலில் போட்டுவைக்க ஒரு கடிதம் கிடைப்பது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. நீங்களும் அப்படி ஒரு கடிதத்தை எதிர்பார்த்தவர்தானே.

வழியில் வரும் தடைகள்

பணம் முதலாவது. வார்டில் மேலதிக நேரக் கொடுப்பனவு இருக்கும். கல்லூரிக்குப் போனால் அது குறையும். வீட்டுக் கடனோ தம்பியின் படிப்போ உங்கள் தலையில் இருந்தால், மாற்றத்துக்கு முன் ஆறு மாதச் செலவை எழுதிப் பாருங்கள். அதற்காகக் கனவைக் கைவிடச் சொல்லவில்லை; இரண்டு வருடம் தள்ளிப்போடலாம்.

வீடு இரண்டாவது. பொம்பளைப் பிள்ளை கொழும்பில் தனியாக ஒன்றரை வருடமா என்று கேட்பார்கள். விடுதி, செலவு, மாதத்தில் எத்தனை தரம் வரலாம் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு பேசப் போங்கள். எங்கே தங்குவாள் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பிள்ளை பெற்ற பின் போகிறவர்கள் அம்மாவோடும் மாமியாரோடும் முன்கூட்டியே பேசுங்கள்.

மூன்றாவது, நம்மவரே வைக்கும் எதிர்பார்ப்பு. தோட்டத்திலிருந்து வந்த ஒரே டியூட்டர் என்றால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் நீங்கள்தான் விண்ணப்பம் நிரப்ப வேண்டும், நேர்முகத் தேர்வுக்குப் பழக்க வேண்டும். செய்யுங்கள், ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாளைக் குறித்துவிட்டுச் செய்யுங்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் பத்துப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னால் பத்துத் தொலைபேசி அழைப்பு மிச்சம்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

ஒரு கொப்பி வாங்குங்கள். மூன்று வரியோடு தொடங்குங்கள்.

உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பின் பிரதியொன்றை வாங்கி, பயிற்றுநர் பதவிக்கான பகுதிக்குக் கீழே பென்சிலால் கோடிடுங்கள். எந்தத் தகைமை இருக்கிறது, எது இல்லை என்று ஓரத்தில் எழுதுங்கள்.

ஒரு மாணவிக்கு நான்கு படியில் ஒரு செயல்முறையைச் சொல்லிக்கொடுங்கள். மூன்றாவது படியை விடாதீர்கள்.

நாளை வீட்டுக்குப் போகும் முதல் நோயாளியிடம் "விளங்கிச்சா?" என்று கேட்க வேண்டாம். "செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். எதில் அளப்பார் என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதி, மேலே திகதியைப் போடுங்கள்.